இரண்டு வாசல்கள்

"நீ எஞ்சினியர், சட்டமும் படிச்சவன். நம்ம கல்லூரி வரலாற்றை நீயே எழுது. கூட்டாம குறைக்காம எழுதுவே" என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் தொலைபேசியில் சொன்னபோது, தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் எழுதுகிற மலரில், கறுப்புக் கோட்டு போடாத ஒருவனுக்கு என்ன வேலை? ஆனால் யோசித்துப் பார்த்தால், வெளியே நின்று கட்டடத்தைப் பார்ப்பவனுக்கு வாசல்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே வாசலைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரிக்கு வாசல் ஒன்றல்ல, இரண்டு.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. சொந்த ஊர் கோவளம். அப்பா கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் மேஸ்திரி. நான் பி.இ. சிவில் படித்துவிட்டுக் கட்டுமான நிறுவனங்களில் வேலை பார்த்தவன். 2016இல் எங்கள் வீட்டு மனைக்கு ஒரு வழக்கு வந்தது. கிராம நத்தம் நிலம், எல்லைத் தகராறு. அப்பாவோடு செங்கல்பட்டுக்குப் போய் ஒரு மூத்த வழக்கறிஞரைப் பார்த்தோம். நில அளவை வரைபடத்தை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "தம்பி என்ன படிச்சிருக்கே?" சொன்னேன். "சர்வே மேப்பைப் படிக்கத் தெரியும்ல? அப்ப நீ பாதி வக்கீல். மீதிப் பாதியையும் படிச்சுடேன்!" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது முள்ளாகத் தைத்தது. வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. தைத்த முள் மட்டும் போகவில்லை. 2021இல் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் புதுப்பாக்கம் வளாகத்தில் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர்ந்தேன். "கல்யாணமாகி, குழந்தை பிறந்து, இப்ப மறுபடி புத்தகப் பையா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மனைவி மட்டும், "மூணு வருஷம்தானே, சமாளிக்கலாம்" என்றாள்.

பழைய கட்டடம்

பாரிமுனையில் படித்த அண்ணன்மார்களுக்கு இந்தப் பகுதி தெரிந்த கதைதான். புதுப்பாக்கத்தில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

சென்னையில் சட்டப் படிப்பு நம் கல்லூரியோடு தொடங்கியது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது, உயர் நீதிமன்றம் 1862இல் வந்தது. சட்ட வகுப்புகள் மாநிலக் கல்லூரியின் ஒரு பகுதியாக நடந்து வந்தன. சட்டக் கல்லூரி என்று தனியாக ஒன்று பிறந்தது 1891இல். அதற்கு முன்பே, 1877இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகத் திருவாரூர் முத்துசாமி ஐயர் அமர்ந்துவிட்டார். சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர், தெருவிளக்கில் படித்தவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள். ஏழைப் பிள்ளை சட்டம் படித்து மேலே வருவது என்ற கதை, கல்லூரியை விட மூத்த கதை.

உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி நம் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பியது 1899இல். வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தோ-சாரசெனிக் பாணி. கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த மாடிப்படி வளைவுகளையும் கோபுரங்களையும் இன்று கட்டச் சொன்னால் மேஸ்திரி கிடைக்கமாட்டார். அந்த இடம் முன்பு கோட்டை வெள்ளைக்காரர்களின் இடுகாடு. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது எதிரிகளுக்குக் கல்லறைகள் மறைவிடமாகிவிட்டன என்று, பின்னால் அவற்றை இடித்து, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டு போனார்கள். மிஞ்சி நின்றவற்றில் ஒன்று 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சின்னம். எலிஹு யேலின் மகனும் யேலின் மனைவியுடைய முதல் கணவரும் அடங்கிய இடம் அது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். எத்தனை பேர் அந்த நிழலில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்திருப்பார்கள்!

ஆனால் அந்தக் கட்டடத்தின் உண்மையான சிறப்பு கோபுரமல்ல, அது இருந்த இடம். வகுப்பு முடிந்ததும் நடந்தே கோர்ட் ஹாலுக்குப் போய்விடலாம். காலையில் பாடத்தில் கேட்ட பிரிவை, மதியம் ஒரு சீனியர் வாதத்தில் கேட்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதல் வாசல்: யாருக்கு இடம்?

ஆரம்பத்தில் சட்டப் படிப்பு பட்டதாரிகளுக்கு மட்டும். எஃப்.எல்., பி.எல். என்று இரண்டு தேர்வுகள். அதன் பிறகு ஒரு சீனியரிடம் அப்ரண்டிஸ். பட்டதாரி என்றாலே அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அதனால் வாசலில் காவலாள் யாரும் தேவைப்படவில்லை. சமுதாயமே காவலாளாக இருந்தது.

பெண்களுக்கோ சட்டமே குறுக்கே நின்றது. பட்டம் பெற்ற ரெஜினா குஹாவை 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும், சுதான்ஷு பாலா ஹஸ்ராவை 1921இல் பாட்னா உயர் நீதிமன்றமும், பெண் என்பதற்காகவே திருப்பி அனுப்பின. 1923இல் பெண்கள் சட்டத் தொழில் செய்யத் தடையில்லை என்று தனிச் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. நம் கல்லூரியில் பி.எல். படித்த ஆனந்தாபாய் 1929இல் சென்னையில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். சென்னை மாகாணத்தின் முதல் பெண் வழக்கறிஞர் அவரே. இன்று புதுப்பாக்கம் வகுப்பறையில் நின்று பார்த்தால், முன்வரிசை பெரும்பாலும் பெண்களுடையது.

அடுத்தது சாதி. அப்போதைய சென்னை மாகாணத்தில் 'கம்யூனல் ஜி.ஓ.' என்ற வகுப்புவாரி ஆணைப்படி கல்லூரி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 14 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்த அம்மையார் கேட்டது மருத்துவ இடம். ஆனால் கூடவே இன்னொருவர் மனுப் போட்டிருந்தார், அவர் கேட்டது பொறியியல் கல்லூரி இடம்! வகுப்பில் அதைப் படித்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அண்ணே, உங்க ஆளுங்க பழைய கேஸ் போல" என்று கிசுகிசுத்தான்.

தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற உட்பிரிவு பிறந்தது. கல்வியில் இட ஒதுக்கீட்டுக்கு அதுவே அடித்தளம். பிறகு 1993இன் தமிழ்நாடு சட்டம், 1994இன் 76ஆவது திருத்தம், ஒன்பதாவது அட்டவணை என்று போய், 69 சதவீதம் நிலைத்தது. இன்று அரசு சட்டக் கல்லூரிகளில் சேர்க்கை இந்த அடிப்படையில்தான். ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். நுழைவுத் தேர்வு கிடையாது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த வாசல் அகலமாக அகலமாக யார் யார் உள்ளே வந்தார்கள் பாருங்கள். ஜோலார்பேட்டையில் பிறந்து இங்கே படித்த ஏ. வரதராஜன், 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு நீதிபதியானார். பவானி வட்டாரத்து விவசாயக் குடும்பத்திலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்த பி. சதாசிவம் 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், வி. ஆர். கிருஷ்ண ஐயர் என்று பெயர்ப் பட்டியல் போட்டால் மலர் முழுதும் போதாது. 1990இல் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. அவரே 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரி முதல்வராக இருந்தவர் என்பதைப் பல மாணவர்கள் அறியமாட்டார்கள். ஒரு சட்டக் கல்லூரி முதல்வரின் பெயர் இன்னொரு சட்டக் கல்லூரிக்கு. பொருத்தம்தானே?

என்ன படித்தார்கள், எப்போது படித்தார்கள்

1961இன் வழக்கறிஞர்கள் சட்டம், பாடத்திட்டத்தின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பை இந்தியப் பார் கவுன்சிலிடம் கொடுத்தது. பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு என்பது நடைமுறையானது. பதிவுக்கு முன் எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சி 1973இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 1982இல் பார் கவுன்சில், பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கான ஐந்தாண்டுப் படிப்புக்கு விதி வகுத்தது. பெங்களூரில் 1987இல் தேசியச் சட்டப் பள்ளி தோன்றி, மாதவ மேனன் தலைமையில் அந்த ஐந்தாண்டு முறைக்கு நாடு முழுவதும் மவுசு வந்தது. தமிழகத்தில் 1997இல் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தொடங்கியது; சட்டக் கல்லூரிகள் அதன் குடைக்குள் வந்தன.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சட்டம் படிக்க வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். பிறகு மதுரை, திருச்சி, கோவை. 1996இல் திருநெல்வேலி, 2002இல் செங்கல்பட்டு, 2008இல் வேலூர், 2017இல் விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம் என்று அரசு சட்டக் கல்லூரிகள் பெருகின. தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

ஒன்று மட்டும் குறைந்தது. நம் கல்லூரியில் முன்பு மாலை வகுப்பு இருந்தது. குமாஸ்தாக்கள், ரயில்வே ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பகலில் வேலை பார்த்து மாலையில் பி.எல். படித்தவர்கள் பலர். தரம் குறைகிறது என்று சொல்லி, படிப்படியாக அந்த வழி அடைக்கப்பட்டது. 2008இன் சட்டக் கல்வி விதிகளின்படி முழுநேர வகுப்பு, 70 சதவீத வருகை. வகுப்பைக் கட் அடித்தே பட்டம் வாங்கிய கதைகளைக் கேட்டால், விதியில் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் என்னைப் போன்றவன் படிக்க வர முடியும். மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று அதே விதிகள் வரம்பும் போட்டிருந்தன. 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பாரிமுனையிலிருந்து புதுப்பாக்கத்துக்கு

2008 நவம்பர் 12. அந்த நாளை எழுதாமல் வரலாறு எழுத முடியாது. கல்லூரி வாசலிலேயே, சாதியை வைத்து மாணவர் இரு பிரிவாக மோதிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. காவலர்கள் வேடிக்கை பார்த்ததையும் பார்த்தது. அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரியில் இது நடந்ததே என்ற வெட்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நீதிபதி பி. சண்முகம் ஆணையம் விசாரித்தது. கல்லூரியை அந்த இடத்திலிருந்து மாற்றச் சொன்னது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இருந்தும் 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும் எங்கள் புதுப்பாக்கத்துக்கும் வந்தது.

புதுப்பாக்கம் எப்படி? வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. பக்கத்தில் மலைமேல் ஆஞ்சநேயர் கோயில். அந்தப் பக்கம் சிறுசேரி மென்பொருள் பூங்கா. காற்றும் வெளிச்சமும் உள்ள வகுப்பறைகள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் உயர் நீதிமன்றம் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்! முன்பு நடந்துபோய்க் கேட்ட வாதத்தை இன்று பஸ் மாறி மாறிப் போய்க் கேட்க வேண்டும். அன்றைய வகுப்பும் போய்விடும். தாம்பரம், ஆலந்தூர், செங்கல்பட்டு நீதிமன்றங்கள் ஓரளவு பக்கம். 'பெரிய கோர்ட்டு தூரமானால் என்ன, சின்னக் கோர்ட்டு பக்கமாகட்டும்' என்று எங்கள் வகுப்பில் சிலர் வாரம் ஒரு நாள் செங்கல்பட்டு போக ஆரம்பித்தோம். உண்மையில் தொழில் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான் என்று அங்கே போன பிறகே தெரிந்தது. வாய்தா எப்படி வாங்குவது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

2024இல் நாங்கள் படித்து முடித்து வெளியே வந்தோம். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மூன்று வருஷமாக மனப்பாடம் செய்த 302, 420 எல்லாம் எண் மாறிப் போயின. "கட்டி முடிச்ச வீட்டுக்குப் புது பிளான் கொடுத்த மாதிரி இருக்குண்ணே" என்றான் அதே பக்கத்து இருக்கைப் பையன்.

இரண்டாவது வாசல்: படித்த பின் என்ன?

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

சட்டப் பட்டத்துக்கு இன்று வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுமானத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தகராறு வந்தால் 1996இன் நடுவர் மன்றச் சட்டம், வீடு வாங்கியவர் புகாருக்கு 2016இன் ரியல் எஸ்டேட் சட்டம், கடலோரத்தில் கட்டினால் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. பொறியியலோ அறிவியலோ படித்தவர்கள் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2003 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு வந்துவிட்டது. வங்கி, காப்பீடு, நிறுவனங்களின் சட்டப் பிரிவு என்று வழிகள் உண்டு.

ஆனால் சட்டக் கல்லூரி என்பது முதலில் நீதிமன்றத்துக்கு ஆள் தயாரிக்கும் இடம். அந்த வழி எப்படி இருக்கிறது? பட்டம் வாங்கிப் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2011 முதல் அகில இந்தியப் பார் தேர்வு ஒன்றும் உண்டு. 2023இல் அதுவும் சரி என்று தீர்ப்பாகிவிட்டது. இதெல்லாம் தாண்டி ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால், முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கையில் என்ன வரும்? பாரிமுனைக் காலத்து அண்ணன்மார்களைக் கேளுங்கள், "டிபனும் பஸ் காசும்" என்பார்கள். பலருக்கு இன்றும் அதுதான்.

முன்பாவது, படித்து முடித்த கையோடு நீதிபதித் தேர்வு எழுதும் வாய்ப்பு இருந்தது. 2025 மே 20 அன்று, சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதியாவதை விட இது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கறிஞரானாலும் சரி, நீதிபதியானாலும் சரி, அந்த மூன்று வருஷம் எல்லோருக்கும் கட்டாயம். சம்பளமில்லாத மூன்று வருஷத்தைத் தாங்கும் வீட்டுப் பிள்ளைதான் தாக்குப் பிடிக்கும் என்றால், 1923லும் 1951லும் கஷ்டப்பட்டு முதல் வாசலைத் திறந்ததற்கு என்ன அர்த்தம்?

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படிப்பு முடிந்ததும் நான் சம்பள வேலைக்கே திரும்பினேன், ஒப்பந்தப் பிரிவில் எஞ்சினியராக. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வீட்டுக் கடன் தவணை, மகள் பள்ளிக் கட்டணம். இரண்டாவது வாசல் வரைக்கும் போய், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான்.

எங்கள் வகுப்பில் ஒரு தங்கை. திருப்போரூர்ப் பக்கம் கிராமம், அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மாதிரி நீதிமன்றப் போட்டி என்றால் அவள்தான் முன்னால் நிற்பாள். "நீ கோர்ட்டுக்குத்தாம்மா போகணும்" என்று மூன்று வருஷமும் அவளிடம் சொன்னவன் நான். 2024 கடைசியில் ஒரு நாள் கேளம்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். "மாசம் ஒன்பதாயிரம் தர்றாங்கண்ணா. வக்கீல் ஆபீஸ்ல பஸ் காசுதான். அம்மாவால முடியல" என்றாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்? சம்பளத்துக்கு ஓடிப்போனவன், இன்னொருத்தியைச் சம்பளமில்லாமல் இரு என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே செங்கல்பட்டு போய், எங்கள் மனை வழக்கை நடத்திய அதே பெரியவரைப் பார்த்தேன். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கச் சுற்றறிக்கை விடும்படி பார் கவுன்சிலுக்குச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியைக் காட்டி, "ஐயா, ஒரு ஜூனியர் இருக்கு" என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "என் மேலேயே ஆர்டர் எடுத்துட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு வர்றது உனக்குத் தெரியாது தம்பி. பத்து தர்றேன். மீதி அஞ்சை நீ தர்றியா?" என்றார்.

மீதி ஐந்தை நானும் எங்கள் வகுப்புத் தோழர்கள் நான்கு பேரும் தருகிறோம். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அவளிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லவும் இடம் கொடுக்கவில்லை. பெரியவர் கையிலிருந்தே பதினைந்தாகப் போகிறது. இந்த ஆண்டு அவள் தனியாக ஒரு ஜீவனாம்ச வழக்கை நடத்தி, இடைக்கால உத்தரவு வாங்கியிருக்கிறாள். பெரியவரே தொலைபேசியில் சொன்னார்: "பாதி வக்கீலே, நீ கொண்டு வந்தது முழு வக்கீலப்பா!"

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இளம் வழக்கறிஞர்களுக்குத் தமிழக அரசு இரண்டாண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டம் வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் தாண்டாது. மீதியைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

நம் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது, விருந்து சாப்பிடுகிறோம், நினைவுப் பரிசு கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, சீனியராக இருக்கும் ஒவ்வொருவரும் நம் கல்லூரியிலிருந்து ஒரு முதல் தலைமுறை ஜூனியரை எடுத்துக்கொள்வது. முடிந்த தொகையை மாதம் தவறாமல் கொடுப்பது. இரண்டு, என்னைப் போல் சம்பள வேலையில் இருப்பவர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து, அந்தச் சீனியர் கொடுக்க முடியாத மீதியைப் போடுவது. மூன்று, வாரம் ஒரு நாளாவது புதுப்பாக்கம் மாணவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்வது; 40 கிலோமீட்டரை நம்மால் குறைக்க முடியாது, ஆனால் ஒரு வேன் அமர்த்த முடியும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இடம் கிடைத்தது உங்கள் மதிப்பெண்ணால் மட்டும் என்று நினைக்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட ரெஜினா குஹாவிலிருந்து முதல் திருத்தம் வரை பலர் தள்ளித் தள்ளித் திறந்த கதவு அது. உள்ளே வந்துவிட்டீர்கள். இரண்டாவது கதவைத் தட்டும்போது கூச்சப்படாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, முதல் வாசலின் சாவி அரசிடமும் நீதிமன்றத்திடமும் இருந்தது, அவர்கள் திறந்தார்கள். இரண்டாவது வாசலின் சாவி நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்றுகூடல் நாளன்று புதுப்பாக்கம் வாசலில் சந்திப்போம். எங்கள் ஐவர் குழு அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும். பெயர் எழுதாமல் யாரும் பந்திக்குப் போக முடியாது!

வாழ்க நம் கல்லூரி.